கிரேக்க–பாரசீகப் போர்கள்: துடுப்பு வலித்தவர்கள் விட்டுச் சென்றது

மாரத்தானிலும் சலாமிஸிலும் கிரேக்கர்கள் பாரசீகப் பேரரசிடம் தோற்றிருந்தால் ஜனநாயகம் என்ற ஒன்றே உலகில் வேர்பிடித்திருக்காது என்று சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தப் போர்களைப் படிப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது? கேள்வி இவ்வளவுதான். முதல் பகுதியில் பாதி உண்மை இருக்கிறது என்பது என் விடை. ஆனால் பலரும் அந்தப் பாதி உண்மையைத் தெர்மோப்பிலே கணவாயில் மடிந்த 300 வீரர்களிடம் தேடுகிறார்கள். அது ஏதென்ஸின் வெள்ளிச் சுரங்கத்திலும், அந்த வெள்ளியால் கட்டப்பட்ட கப்பல்களின் துடுப்புப் பலகைகளிலும் கிடக்கிறது. அதை விளக்கச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய வணிகர்களைச் சங்கப் புலவர்கள் யவனர் என்று அழைத்தார்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கடற்கரையில் இயோனியா என்ற பகுதி இருந்தது. அங்கே வாழ்ந்த கிரேக்கர்கள் இயோனியர் எனப்பட்டனர். அவர்களை ஆண்ட பாரசீக மன்னர்கள் தங்கள் கல்வெட்டுகளில் அந்தப் பெயரை ‘யௌன’ என்று பொறித்தார்கள். அது கிழக்கே நகர்ந்து, அசோகரின் கல்வெட்டுகளில் ‘யோன’ என்றும் வடமொழியில் ‘யவன’ என்றும் ஆகி, கடைசியில் தமிழில் யவனர் என நிலைத்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆக, எந்த மக்களின் கலகத்திலிருந்து இந்தப் போர்கள் தொடங்கினவோ, அந்த மக்களின் பெயர் பாரசீகர்களின் வாய்வழியாகவே நம்மிடம் வந்திருக்கிறது.

இயோனிய நகரங்கள் பாரசீகரின் கீழ் வந்தது கி.மு. 546-ஐ ஒட்டி, பாரசீக மன்னர் சைரஸ் லிடியா நாட்டை வென்று அதன் தலைநகரான சார்டிஸைப் பிடித்தபோது. சைரஸும் அவருடைய மகனும் சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் பாபிலோனையும் எகிப்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கி.மு. 522-இல் அரியணை ஏறிய டேரியஸின் காலத்தில் பேரரசு சிந்து நதியிலிருந்து ஏஜியன் கடல் வரை விரிந்திருந்தது. அதுவரை உலகம் கண்டிராத அளவு அது. சத்ரப் எனப்பட்ட ஆளுநர்கள், நிர்ணயிக்கப்பட்ட வரி, சார்டிஸிலிருந்து பாரசீகத் தலைநகர் சூசா வரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீண்ட அரச பாதை, அதில் குதிரை மாற்றி மாற்றி விரையும் தூதர்கள் என்று அந்த ஆட்சிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வரி கட்டி, படை கேட்டபோது அனுப்பிவிட்டால், உள்ளூர்க் கோயிலிலும் மொழியிலும் வழக்கத்திலும் பாரசீகர் பொதுவாகத் தலையிடவில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களைச் சைரஸ் ஊர் திரும்ப அனுமதித்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பாரசீகம் என்றாலே சாட்டையும் சங்கிலியும் என்று படம் வரைபவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

இயோனியர்களின் குறை வேறு. சூசாவுக்கு வேண்டிய ஒரு தனிமனிதனை ஒவ்வொரு நகரத்துக்கும் தலைவனாக அமர்த்தி, அவன் மூலமாக ஆளுவதே பாரசீகர்களுக்கு வசதியாக இருந்தது. நகரத்தாருக்கு அது பொறுக்கவில்லை. கி.மு. 499-இல் மிலெட்டஸ் நகரத்தின் அரிஸ்டாகோரஸ் கலகத்தைத் தொடங்கிவைத்தான். அவனே அப்படிப்பட்ட தலைவன்தான். நாக்சோஸ் தீவைப் பிடித்துத் தருவதாகப் பாரசீகரிடம் சொல்லி, அதில் தோற்று, தண்டனைக்கு அஞ்சிக் கட்சி மாறியவன். உதவி கேட்டபோது ஸ்பார்ட்டா மறுத்தது. ஏதென்ஸ் 20 கப்பல்களும் எரித்திரியா என்ற கிரேக்க நகரம் 5 கப்பல்களும் அனுப்பின. மறு ஆண்டு கலகக்காரர்கள் சார்டிஸுக்குள் புகுந்தபோது நகரமும் அதிலிருந்த கோயிலும் தீக்கிரையாயின. அந்த 20 கப்பல்களே கிரேக்கருக்கும் பிறருக்கும் நேர்ந்த துன்பங்களின் தொடக்கம் என்று இந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

கலகம் எப்படி முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பின்னால் சலாமிஸில் நடந்ததற்கு அது எதிர்ப்படம். கி.மு. 494-இல் லாடே தீவருகே இயோனியக் கடற்படை திரண்டபோது, போக்காயா நகரத்து டையோனிசியஸ் என்ற தளபதி துடுப்பு வலிப்பவர்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தான். ஏழு நாள் பொறுத்தார்கள். எட்டாம் நாள், இந்த வெயிலில் இப்படி வாட்டப்படுவதைவிட அடிமையாவதே மேல் என்று சொல்லிக் கரையேறிக் கூடாரம் போட்டு நிழலில் படுத்துவிட்டார்கள். போர் தொடங்கியதும் சாமோஸ் தீவின் கப்பல்களில் பெரும்பகுதி பாய் விரித்துக்கொண்டு ஊர் திரும்பியது. மிலெட்டஸ் வீழ்ந்தது, ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட, பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டார்கள். சில காலம் கழித்து ஃபிரினிக்கஸ் என்ற நாடகாசிரியர் அந்த வீழ்ச்சியை ஏதென்ஸ் மேடையில் காட்டியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று அவருக்கு 1,000 ட்ராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக்கூடாது என்று ஏதென்ஸ் தடை செய்தது.

ஜனநாயகம் ஒரு பக்கம், கொடுங்கோன்மை மறு பக்கம் என்று இந்தப் போர்களைப் பிரித்துப் பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் செய்தி ஒன்று இதற்கு அடுத்து வருகிறது. கலகத்தை அடக்கிய பிறகு, கி.மு. 492-இல் டேரியஸின் மருமகனான மார்டோனியஸ் இயோனியாவுக்கு வந்து, அந்தத் தனிமனிதத் தலைவர்களை நீக்கிவிட்டு, நகரங்களில் ஜனநாயக ஆட்சியை நிறுவினான். இதைச் சொல்பவரும் ஹெரோடோட்டஸ்தான். நம்பாத கிரேக்கர்கள் இருப்பார்கள் என்று அவரே உணர்ந்து அதைக் குறிப்பிட்டு எழுதுகிறார். கலகத்துக்குக் காரணம் எது என்று தெரிந்துகொண்டு அதை நீக்கும் நிர்வாக அறிவு பாரசீகருக்கு இருந்தது.

மாரத்தான் போர் கி.மு. 490-இல் நடந்தது. டாட்டிஸ், அர்ட்டாஃபெர்னிஸ் ஆகிய இருவர் தலைமையில் கடல்வழியே வந்த படை எரித்திரியாவை அழித்துவிட்டு மாரத்தான் சமவெளியில் இறங்கியது. ஏதென்ஸின் படைக்குத் துணையாகப் பிளாட்டியா என்ற சிற்றூர் மட்டும் தன் வீரர்களை முழுமையாக அனுப்பியது. நடுவில் வரிசையை மெலிதாக்கி, இரு ஓரங்களையும் வலுவாக்கி, எதிரியின் அம்பு மழைக்குள் நெடுநேரம் நிற்காமல் விரைந்து மோதியதால் கிரேக்கர்கள் வென்றார்கள். இறந்த ஏதென்ஸ் வீரர்கள் 192 பேர். அவர்களைப் புதைத்த மண்மேடு இன்றும் அந்தச் சமவெளியில் இருக்கிறது. ஃபெய்டிப்பிடிஸ் ஓடியதாக ஹெரோடோட்டஸ் சொல்வது போருக்கு முன், உதவி கேட்டு, ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு. ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வெற்றிச் செய்தி சொல்லிவிட்டு விழுந்து இறந்த ஓட்டக்காரன் பல நூற்றாண்டுகள் பிந்திய எழுத்துகளில்தான் வருகிறான். 1896-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது அந்தப் பிந்திய கதையை வைத்துத்தான்.

மாரத்தானில் போரிட்டவர்கள் கேடயமும் மார்புக்கவசமும் சொந்தப் பணத்தில் வாங்கும் வசதியுள்ளவர்கள். நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அந்த வரிசையில் பெரிய இடம் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து அடுத்த படையெடுப்பு வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. அந்த மாற்றத்தில்தான் இந்தப் போர்களின் உயிர்நாடி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கி.மு. 483-ஐ ஒட்டி, ஏதென்ஸுக்குத் தெற்கே லாரியன் குன்றுகளில் வெள்ளியின் புதிய செழிப்பான படிவு ஒன்று கிடைத்தது. பொதுச்சொத்தான அந்த வருவாயை ஒவ்வொரு குடிமகனுக்கும் 10 ட்ராக்மா வீதம் பங்கிட்டுவிடலாம் என்ற யோசனை மக்கள் சபையின் முன் இருந்தது. ஏதென்ஸின் அரசியல் தலைவர்களில் ஒருவரான தெமிஸ்டாக்ளிஸ் எழுந்து, பணத்தைப் பங்கிட வேண்டாம், போர்க்கப்பல் கட்டுவோம் என்றார். பாரசீகத்தைக் காட்டி அவர் வாதாடவில்லை. அந்த ஆபத்து மக்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவர் காட்டியது ஏதென்ஸோடு ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்த பக்கத்துத் தீவான ஏஜினாவை. சபை ஏற்றுக்கொண்டது. கைக்கு வரவிருந்த பணத்தை வேண்டாம் என்று ஏழைகளும் கையுயர்த்திய அந்த வாக்கெடுப்பை எந்தப் போர்க்களத்துக்கும் குறையாத தருணமாக நான் மதிக்கிறேன். கூடவே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தச் சுரங்கங்களின் இருட்டில் வெள்ளியைத் தோண்டியவர்கள் அடிமைகள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தெமிஸ்டாக்ளிஸுக்கு எதிரிகளும் உண்டு. ஏதென்ஸ் மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை, வேண்டுமென்றால், பானை ஓட்டில் பெயர் கீறி ஒருவரைப் பத்தாண்டுக்கு நாடு கடத்தலாம். அவருடைய போட்டியாளரான அரிஸ்டைடிஸ் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றில் தெமிஸ்டாக்ளிஸின் பெயர் கீறிய 190-க்கு மேற்பட்ட ஓடுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்ததில் 14 பேரின் கைவண்ணமே தெரிந்தது. வாக்களிக்க வருபவர்களிடம் கொடுப்பதற்கு யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனநாயகத்தின் பிறப்பிடத்திலேயே வாக்கு சேகரிக்கும் ஏற்பாடும் பிறந்துவிட்டது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

கட்டப்பட்ட கப்பல் மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல். ஏறத்தாழ 37 மீட்டர் நீளம். மூன்று தளமாக 170 பேர். ஆளுக்கு ஒரு துடுப்பு. முனையில் வெண்கல இடிமுகம் பொருத்தப்பட்டிருக்கும், எதிரிக் கப்பலின் விலாவை உடைப்பதற்கு. அடித்தளத்தில் உட்கார்ந்தவனுக்குக் கடல் தெரியாது, எதிரி தெரியாது. தலைக்கு மேல் இன்னொருவனின் இருக்கை. குழலோசையையும் கட்டளைக்குரலையும் மட்டுமே நம்பி, 169 பேரோடு ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். 1987-இல் கிரேக்கக் கடற்படைக்காக அப்படி ஒரு கப்பலை மீண்டும் கட்டி ஓட்டிப் பார்த்தபோது, கீழ்த்தளத்தின் புழுக்கமும் வியர்வை நாற்றமும் எவ்வளவு கடுமையானவை என்பதும், ஒருவருடைய தாளம் தப்பினாலும் பக்கத்துத் துடுப்புகள் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதும் அனுபவமாகவே தெரிந்தது. சலாமிஸில் ஏதென்ஸ் நிறுத்திய 180 கப்பல்களுக்கு மட்டும் 30,000-க்கு மேற்பட்ட துடுப்புக்காரர்கள் தேவை. ஏதென்ஸின் வயதுவந்த ஆண் குடிமக்களின் மொத்த எண்ணிக்கையே ஏறத்தாழ அவ்வளவுதான். பணக்காரன், ஏழை, ஊரில் குடியேறிய வெளியூர்க்காரன் என்று பார்க்க இடமில்லாமல் நகரமே கப்பலேறியது.

கி.மு. 480-இல் டேரியஸின் மகன் செர்க்சஸ் நேரடியாகப் படை நடத்தி வந்தார். ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பான்ட் நீரிணையில் கப்பல்களைக் கோத்து இரு பாலங்கள். முன்பு பாரசீகக் கப்பற்படை புயலில் சிதைந்த ஆத்தோஸ் முனையைத் தவிர்க்க அதன் கழுத்தை வெட்டி ஒரு கால்வாய். கால்வாயின் தடத்தை இன்றைய ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஹெரோடோட்டஸ் சொல்லும் 17 லட்சம் காலாட்படை நம்பத்தக்கதில்லை. எப்படிக் கணக்கிட்டாலும் மூன்று லட்சத்தைத் தாண்டாது என்பதே இன்றைய வரலாற்றாளர் பெரும்பாலோரின் கருத்து. அந்தப் படையில் இந்தியர்களும் இருந்தார்கள். பருத்தி ஆடை உடுத்தி, மூங்கில் போன்ற நாணல் வில்லும் இரும்பு முனை வைத்த நாணல் அம்பும் ஏந்தி அவர்கள் வந்ததை ஹெரோடோட்டஸ் பதிவு செய்கிறார். சிந்துப் பகுதியிலிருந்தும் காந்தாரத்திலிருந்தும் புறப்பட்ட வில்லாளிகள் கிரேக்க மண்வரை நடந்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று எழுதிவைக்க யாருமில்லை.

தெர்மோப்பிலேயைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அது அளவுக்கு மேல் சொல்லப்பட்டுவிட்டது. ஏறத்தாழ 7,000 கிரேக்கர் காத்த கணவாயை, மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த ஒருவனால் பாரசீகர் மூன்றாம் நாளில் சுற்றி வளைத்தனர். ஸ்பார்ட்டாவின் அரசர் லியோனிடஸும் அவருடைய 300 ஸ்பார்ட்டா வீரர்களும் மடிந்தது உண்மை. தெஸ்பியா என்ற சிற்றூரின் 700 பேர், போகலாம் என்று விடை கொடுக்கப்பட்ட பிறகும் உடன் நின்று மடிந்ததும் அதே அளவு உண்மை. அந்த 700 பேரும் ஏறக்குறைய ஊரின் கவசம் பூண்ட போர்வீரர் முழுத்தொகை. ஊரைப் பாரசீகர் எரித்தார்கள். மறு ஆண்டு பிளாட்டியா களத்துக்கு, மிஞ்சியிருந்த 1,800 தெஸ்பியர்கள் கவசம்கூட இல்லாமல் வந்து நின்றார்கள். 300 என்ற எண்ணை மனப்பாடம் செய்திருக்கும் உலகம் 700 என்ற எண்ணையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு ஏதென்ஸ் காலி செய்யப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் டிராய்சென், ஏஜினா, சலாமிஸ் கரைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அக்ரோபோலிஸ் எரிவதைச் சலாமிஸ் தீவிலிருந்து பார்த்துக்கொண்டே கிரேக்கத் தளபதிகள் சச்சரவிட்டார்கள். தெற்கே பெலோபொனீஸ் தீபகற்பத்திலிருந்து வந்தவர்கள் பின்வாங்கித் தங்கள் நிலத்தைக் காக்க விரும்பினார்கள். தெமிஸ்டாக்ளிஸ் தன் பிள்ளைகளின் ஆசானான சிக்கினஸ் என்ற அடிமையைப் பாரசீகரிடம் அனுப்பி, கிரேக்கர்கள் இரவோடு இரவாகத் தப்பப் பார்க்கிறார்கள் என்று சொல்லச் செய்தார். அதை நம்பிய பாரசீகக் கப்பற்படை இரவு முழுதும் துடுப்பு வலித்து நீரிணையின் வாய்களை அடைத்தது. விடியும்போது ஓய்வெடுத்த கைகளுக்கும் ஓய்ந்துபோன கைகளுக்கும் இடையே போர் நடந்தது. குறுகிய நீரில் எண்ணிக்கை பலம் ஆகாமல் பாரமானது. முன்வரிசைக் கப்பல்கள் திரும்ப முயல, அரசர் கரையில் அமர்ந்து பார்க்கிறார் என்ற ஆவலில் பின்வரிசை முன்னேற, தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். கப்பல் உடைந்தபோது கிரேக்கர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். எதிர்த்தரப்பில் பலருக்கு நீச்சல் தெரியாது. எதிர்த்தரப்பு என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு: அந்தக் கப்பல்களை ஓட்டியவர்கள் ஃபினீசியர், எகிப்தியர், சைப்ரஸ்காரர், கூடவே ஏராளமான இயோனியக் கிரேக்கர். செர்க்சஸின் தளபதிகளில் துணிச்சலாக அறிவுரை சொன்ன ஆர்ட்டிமீசியா, ஹெரோடோட்டஸின் சொந்த ஊரான ஹாலிகார்னாசஸின் கிரேக்க அரசி.

அடுத்த ஆண்டு, கி.மு. 479-இல், பிளாட்டியா சமவெளியில் மார்டோனியஸ் கொல்லப்பட்டு, தரைப்படையும் முறிந்தது. அந்த வெற்றி பெரும்பாலும் ஸ்பார்ட்டாவினுடையது. ஸ்பார்ட்டாவின் 5,000 வீரர்களோடு, ஆளுக்கு ஏழு பேர் வீதம், 35,000 ஹெலட்டுகள் அங்கே இருந்தார்கள் என்பது ஹெரோடோட்டஸின் கணக்கு. ஹெலட்டுகள் என்றால் ஸ்பார்ட்டர்களின் நிலத்தில் கட்டுண்டு உழைத்த அடிமை மக்கள். விடுதலைக்கான போர் என்று அதை அழைக்கும்போது யாருடைய விடுதலை என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

இனி முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். பாரசீகர் வென்றிருந்தால் கிரேக்கச் சிந்தனை அழிந்திருக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எஃபெசஸின் ஹெராக்ளிட்டஸ் பாரசீக ஆட்சியின் கீழ் வாழ்ந்துதான் சிந்தித்தார். ஹெரோடோட்டஸே பாரசீகக் குடியாகப் பிறந்தவர். உள்ளூர் அளவில் மக்களாட்சியையும் பாரசீகர் பொறுத்துக்கொண்டார்கள் என்பதற்கு மார்டோனியஸ் சான்று. ஆனால் ஒன்றை அவர்களால் பொறுத்திருக்க முடியாது: எந்த அரசனுக்கும் கட்டுப்படாத ஒரு மக்கள் சபையின் கையில் 200 போர்க்கப்பல்கள் இருப்பதை. சலாமிஸுக்குப் பின் ஏதென்ஸில் நடந்தது அந்தக் கப்பல்களிலிருந்து பிறந்தது. நகரத்தைக் காத்தவர்கள் கவசம் வாங்க வழியில்லாத துடுப்புக்காரர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்களிடம் இனி, உங்களுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்க முடியவில்லை. கி.மு. 462-ஐ ஒட்டி எஃபியால்டிஸ் என்ற சீர்திருத்தக்காரர் (கணவாயைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் இதே பெயர், ஆள் வேறு) உயர்குடியினரின் பழைய மன்றமான அரியோபகஸின் அதிகாரங்களைப் பிடுங்கி மக்கள் சபைக்கும் நீதிமன்றங்களுக்கும் மாற்றினார். பின்னர் நீதிமன்றத்தில் அமரும் குடிமகனுக்கு ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளிஸ் நாட்கூலி ஏற்படுத்தினார். கூலி இழக்காமல் ஓர் ஏழை அரசுப் பணியாற்றலாம் என்ற அந்த ஏற்பாடு அன்றைய உலகுக்குப் புதிது. கப்பலை ஓட்டுபவர்களே நகரத்துக்கு வலிமை தருகிறார்கள், ஆகவே அவர்கள் கை ஓங்கியிருப்பது நியாயமே என்று, மக்களாட்சியை வெறுத்த அக்காலத்து எழுத்தாளர் ஒருவரே ஒப்புக்கொள்கிறார்.

அதே கப்பல்கள் இன்னொன்றையும் பெற்றெடுத்தன. பாரசீகத்துக்கு எதிராக கி.மு. 478-இல் ஏதென்ஸின் தலைமையில் அமைக்கப்பட்ட கூட்டணியின் பொதுக் கருவூலம் டெலோஸ் தீவில் இருந்தது. விலக விரும்பிய நாக்சோஸை ஏதென்ஸ் முற்றுகையிட்டுப் பணிய வைத்தது. கி.மு. 454-இல் கருவூலமே ஏதென்ஸுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு நகரமும் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு ஏதீனா தேவிக்கு ஒதுக்கப்பட்டு, அந்தக் கணக்கு நகரம் நகரமாகக் கல்லில் வெட்டப்பட்டது. துண்டு துண்டாக உடைந்த அந்தக் கற்களை இன்றும் படிக்கலாம். பாரசீகர் எரித்த கோயிலின் இடத்தில் பார்த்தினான் எழுந்தது இந்தச் செல்வச் செழிப்பில்தான். பாரசீகர் அழித்த பழைய கட்டடத்தின் தூண் உருளைகளை ஏதென்ஸ் மக்கள் அக்ரோபோலிஸின் வடமதிலில், கீழேயிருந்து நகரம் பார்க்கும்படி வரிசையாகப் பதித்து வைத்தார்கள். பட்ட காயத்தைக் காட்டும் மதிலும், பிறரிடம் வாங்கிய கப்பத்தின் கணக்கும் ஒரே குன்றில் நின்றன.

வெற்றியின் நாயகர்களுக்கு நேர்ந்ததும் சொல்லத் தகுந்தது. தெமிஸ்டாக்ளிஸைக் கடைசியில் ஏதென்ஸ் பானை ஓட்டால் வெளியேற்றியது. அவர் செர்க்சஸின் மகனிடமே அடைக்கலம் புகுந்து, பாரசீகம் அளித்த மக்னீசியா நகரத்தின் வருவாயில் வாழ்ந்து இறந்தார். பிளாட்டியா ஊரின் கதை இதைவிடக் கசப்பானது. எந்த ஊரின் வயலில் கிரேக்கம் மீட்கப்பட்டதோ அந்த ஊரை, கி.மு. 427-இல், ஏதென்ஸோடு நடந்த போரில் ஸ்பார்ட்டா பிடித்தது. சரணடைந்தவர்கள், உங்கள் தந்தையரின் கல்லறைகளை ஆண்டுதோறும் நாங்கள்தான் போற்றி வருகிறோம் என்று மன்றாடினார்கள். இந்தப் போரில் எங்களுக்கு என்ன நன்மை செய்தீர்கள் என்று ஒருவர் ஒருவராகக் கேட்டு, பதில் இல்லாதவர்களை, 200 பேருக்குக் குறையாமல், ஸ்பார்ட்டர்கள் கொன்றார்கள். அந்தப் போரின் இறுதியில் ஏதென்ஸை வீழ்த்திய ஸ்பார்ட்டாவின் கடற்படைக்குப் பணம் கொடுத்தது பாரசீகம். போர்க்களத்தில் பெறாததைப் பொற்காசு பெற்றுத் தந்தது. சலாமிஸோடு பாரசீகம் சரிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: அலெக்சாண்டர் வந்து பாரசீகத்தின் இன்னொரு தலைநகரான பெர்சப்பொலிஸை எரித்தது கி.மு. 330-இல். இடையில் 150 ஆண்டுகள் அந்தப் பேரரசு நிலைத்து நின்றது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது நாம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு, என் விடையில் பெரும்பங்கு இந்தப் போர்கள் எழுதப்பட்ட விதத்தைச் சார்ந்தது. கி.மு. 472-இல், சலாமிஸ் முடிந்து எட்டே ஆண்டுகளில், மாரத்தானில் போரிட்ட எஸ்கிலஸ் பாரசீகர்களைப் பற்றி ஒரு நாடகம் அரங்கேற்றினார். செலவை ஏற்றவர் இளைஞரான பெரிக்ளிஸ். கதை நடப்பது சூசாவில்; மகன் திரும்புவானா என்று காத்திருக்கும் தாயின் முன்னால் தோல்விச் செய்தி வருகிறது. இறந்த பாரசீகத் தலைவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக ஒலிக்கின்றன. ஒரு கிரேக்கனின் பெயர்கூட இல்லை. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்கள், எரிந்த வீட்டை மீண்டும் கட்டியவர்கள். நாடகம் பாரசீகரின் ஆடம்பரத்தையும் அரசனின் ஆணவத்தையும் காட்டுகிறது. கிரேக்கர் அல்லாதவர்களைத் தாழ்வாகப் பார்க்கும் வழக்கம் இந்தப் போர்களுக்குப் பின்தான் கெட்டிப்பட்டது. ஆனாலும் எதிரியின் வீட்டு ஒப்பாரியை வென்றவர்களின் மேடையில் கேட்க வைத்தது சாதாரணச் செயல் இல்லை. தங்களுக்காக அழுததற்கு அபராதம் விதித்த அதே ஊர் இதற்கு முதற்பரிசு கொடுத்தது.

ஹெரோடோட்டஸ் ஒரு தலைமுறை கழித்து எழுதினார். அவர் தன் நூலுக்கு இட்ட ‘ஹிஸ்டோரியா’ என்ற சொல்லுக்கு விசாரணை என்று பொருள்; வரலாற்றுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அதிலிருந்து வந்தது. கிரேக்கரும் மற்றவரும் செய்த பெருஞ்செயல்கள் புகழற்றுப் போகக்கூடாது என்பதைத் தன் நோக்கமாக முதல் வரியிலேயே வைக்கிறார். இரு தரப்பும். அதற்காகவே பல நூற்றாண்டு கழித்து, அவரை அந்நியர்களின் விசுவாசி என்று புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் திட்டினார். ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று கதைகள் இருந்தால் மூன்றையும் சொல்லி, எதை நம்புகிறார் என்பதையும் சொல்லி, சொல்லப்பட்டதைச் சொல்வது என் கடமை, எல்லாவற்றையும் நம்புவது என் கடமையில்லை என்று எழுதினார். எண்களில் தவறினார், கேட்ட கதைகளில் மயங்கினார். ஆனால் தெய்வத்தின் வாயாலும் அரசனின் ஆணையாலும் அல்லாமல், கேட்டு, ஒப்பிட்டு, சந்தேகித்துக் கடந்த காலத்தை எழுதலாம் என்பதற்கு அவர் வழி திறந்தார்.

பாரசீகர் தரப்பில் இந்தப் போரைப் பற்றி விவரித்து எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. செர்க்சஸின் கல்வெட்டு ஒன்று, கடலுக்கு இப்புறத்து யௌனரையும் அப்புறத்து யௌனரையும் தன் குடிகளாகவே பட்டியலிடுகிறது. ஆனால் 1933–34-இல் பெர்சப்பொலிஸின் மதிலுக்குள் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. எலாம் மொழியில் எழுதப்பட்ட அரசுக் கிடங்குக் கணக்குகள்: எந்த வேலையாளுக்கு எவ்வளவு தானியம், பிள்ளை பெற்ற தாய்க்கு எவ்வளவு கூடுதல் படி என்று. அவற்றில் ஒன்று, அரச முத்திரையோடு சார்டிஸிலிருந்து விரைந்து திரும்பிய தாதியா என்பவருக்குப் பயணப் படியாக பீர் கொடுத்ததைக் குறிக்கிறது; மாரத்தானில் படை இறக்கிய டாட்டிஸ் அவர்தான் என்பது அறிஞர் கருத்து. இன்னொரு பலகையில் ஒரே ஒரு வரி, கிரேக்க எழுத்தில்: திராட்சை மது, இரண்டு மாரிஷ், தெபேத். மொழி கிரேக்கம், அளவு உள்ளூர் அளவு, மாதம் பாபிலோனிய மாதம். கிழக்கும் மேற்கும் என்றென்றும் மோதிக்கொண்டிருந்தன என்று பேசுபவர்களுக்கு அந்த ஒரு வரியை நான் காட்டுவேன். எழுதியவர் பாரசீக அரசனின் கிடங்கில் வேலை பார்த்த ஒரு யவனர்.

மாரத்தான் போர் ஆங்கில வரலாற்றுக்கே, இங்கிலாந்தை நார்மானியர் கைப்பற்றிய ஹேஸ்டிங்ஸ் போரைவிட முக்கியமானது என்று 1846-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். பேரரசாக இருந்த ஒரு நாடு தன்னை ஏதென்ஸின் வாரிசாகக் கண்ட காலம் அது. ஆசியாவை ஆள்வதற்கான நியாயம் அந்த உவமையில் கலந்திருந்தது. மேற்கு, கிழக்கு என்ற அந்தக் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்துக் கி.மு. 480-இன் மேல் போட்டால் படம் கலைந்துவிடும், ஏனெனில் நூற்றுக்கணக்கான கிரேக்க நகரங்களில் பெரும்பாலானவை பாரசீகத்தோடு நின்றன, அல்லது ஒதுங்கி இருந்தன.

எதிர்த்து நின்ற நகரங்கள் எவை என்பது வெண்கலத்தில் இருக்கிறது. பிளாட்டியா கொள்ளைப் பொருளிலிருந்து டெல்ஃபி கோயிலுக்கு ஒரு பொன் முக்காலி படைக்கப்பட்டது. மூன்று பாம்புகள் பின்னிய வெண்கலத் தூண் அதைத் தாங்கியது. ஸ்பார்ட்டாவின் தளபதி பவுசேனியஸ் அந்தக் காணிக்கையில் தன் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டார். ஸ்பார்ட்டர்களே அதை அழித்துவிட்டு, போரிட்ட நகரங்களின் பெயர்களை வெட்டினார்கள். பொன் முக்காலி கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே உருக்கப்பட்டுவிட்டது. தூணைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகருக்குக் கொண்டுபோனார். தலைகளை இழந்து, சுமார் ஐந்து மீட்டர் உயரத்தில், இஸ்தான்புல்லின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் ஒரு பள்ளத்துக்குள் அது இன்றும் நிற்கிறது. அதில் 31 நகரங்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று டெனோஸ் என்ற சிறு தீவு. அதன் கப்பல்கள் செர்க்சஸின் படையில்தான் இருந்தன. சலாமிஸுக்கு முந்தைய இரவு ஒரே ஒரு டெனோஸ் கப்பல் தனியே பிரிந்து, இருட்டில் துடுப்பு வலித்து வந்து, நீங்கள் சூழப்பட்டிருக்கிறீர்கள் என்ற செய்தியைக் கிரேக்கர்களுக்குச் சொன்னது. அந்த ஒரு கப்பலுக்காகவே அந்தத் தீவின் பெயர் அந்த வெண்கலத்தில் வெட்டப்பட்டது.